மட்டக்களப்பில் கேட்ட தாளம்

திருவிழாவில் ஒலிக்கும் பாட்டுக்கு ஊர் எதுவென்று கேட்பவர் அரிது. அருச்சுனா ஆற்றின் அணையை ஒட்டிய எங்கள் ஆனைக்குட்டத்திலும் அப்படித்தான். பங்குனிப் பொங்கலுக்குப் பட்டாசு ஆலைகள் ஓய்ந்திருக்கும் நாள்களில், ஒலிபெருக்கியில் ‘சுராங்கனி’ எழுந்தால் பெரியவர்களின் காலும் தரையில் தங்காது. இலங்கை வானொலி வழியாக வந்த பாட்டு, சிலோன் மனோகர் பாடியது என்பதற்கு மேல் எவரும் ஆராய்ந்ததில்லை. அந்தத் துள்ளலின் பிறப்பிடம் எது என்னும் வினா மட்டும் எனக்கு நெடுநாள் இருந்தது.

கருத்தரங்கு ஒன்றிற்காக மட்டக்களப்புக்குச் சென்றபோது, முழுநிலா இரவில் வாவியில் மீன்கள் பாடும் என்று கூறிக் கல்லடிப் பாலத்திற்கு அழைத்துச் சென்றனர். மீன்கள் எனக்காகப் பாடவில்லை. திரும்பும் வழியில் ஒரு திருமண வீட்டின் முற்றத்தில்தான் இசை கேட்டது.

ஒரு வயலின், ஒரு கிடார், ஒரு ரபான், வாசித்தோர் மூவரே. மேடையில்லை, ஒலிபெருக்கியும் இல்லை. இணை இணையாக எதிரெதிர் நின்று முதியோரும் இளையோரும் ஆடினர். பாட்டின் மொழி எனக்கு விளங்கவில்லை. தாளமோ நன்கு அறிமுகமானதாக இருந்தது. ஆறு எண்ணிக்கையில் குதித்தோடும் அந்த நடையின்மேல் ‘சுராங்கனி’யை வைத்து மனத்துக்குள் பாடிப் பார்த்தேன், அப்படியே பொருந்தியது.

வயலின் வாசித்த முதியவர் பகலில் கொல்லுலையில் நிற்பவர். “இது எங்கட கலியாணப் பாட்டு மனே. மறுகாதான் கொழும்புக்காரர் எடுத்தாங்க” என்றார். மகனை ‘மனே’ என்றும், பிறகு என்பதை ‘மறுகா’ என்றும் வழங்கும் மட்டக்களப்புத் தமிழ் அவர் நாவில் இயல்பாக வந்தது. வீட்டில் அவர் பேசுவதோ போர்ச்சுக்கீசியம் திரிந்து உருவான ஒரு மொழி.

போர்ச்சுக்கீசியர் 1505இல் இலங்கைக் கரையை அடைந்தனர். மட்டக்களப்பின் கோட்டையை 1638இல் ஒல்லாந்தரிடம் இழந்தனர். ஆட்சி போனபின்னும் அவர்தம் வழித்தோன்றல்களான பறங்கியர் அங்கேயே தங்கித் தச்சராகவும் கொல்லராகவும் வாழ்ந்தனர். அவர்களும், ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்ட காப்பிரியர் மரபினரும் பேணிய ஆட்ட இசையே ‘பைலா’வுக்கு அடிப்படை. போர்ச்சுக்கீசிய மொழியில் நடனத்தைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது அப்பெயர். வாலி பாஸ்டியன் என்னும் காவலர் அதனைச் சிங்களப் பாட்டாக வளர்த்தார். பின்னர் யாழ்ப்பாணத்து உரும்பிராயைச் சேர்ந்த நித்தி கனகரத்தினம் ‘சின்ன மாமியே’ போன்ற பாடல்களைப் பேச்சுத் தமிழில் இயற்றிப் பாட, ஈழத்துப் பொப்பிசை தழைத்தது. செந்தமிழ் மட்டுமே பாட்டுக்கு உரியது என்று கருதியோர், அவ்விசையை மலிவானது என்றே ஒதுக்கினர். எனக்கு அதில் உடன்பாடில்லை. முற்றத்துப் பேச்சைத் தாளத்தில் நிறுத்துவது எளிய வேலையன்று.

அமெரிக்கச் சிற்றூர்களில் இதே கிடாரும் வயலினும் சேர்ந்து பிறந்ததுதான் ‘கன்ட்ரி’ இசை. உலகெங்கும் அதற்குச் சந்தை உண்டு. மட்டக்களப்புப் பறங்கியர் இசைக்குத் திருமண முற்றங்களே அரங்கு. அவையும் குறைந்து வருகின்றன. பலர் ஆஸ்திரேலியாவில் குடியேறிவிட்டனர். 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலை, கடலோரத்து டச்பார் பகுதியில் வாழ்ந்த பறங்கியரில் பலரைக் கொண்டுபோயிற்று. அப்பெயரைச் சொன்னபோது ரபான் வாசித்தவர் தம் கருவியை உறையிலிட்டார். அதன்பின் நான் எதுவும் கேட்கவில்லை.

அன்று கைப்பேசியில் பதிந்த இசையை ஊர் திரும்பியதும் எங்கள் தெருத் தவில்காரரிடம் போட்டுக் காட்டினேன். பகலில் பட்டாசு ஆலையில் திரி வெட்டும் அவர், இரவில் நையாண்டி மேளத்திற்குச் செல்பவர். கண்களை மூடிக் கேட்டார். இரண்டாம் சுற்றிலேயே அவர் விரல்கள் திண்ணையில் அந்த நடையைப் பிடித்துவிட்டன.

“திஸ்ரந்தான் சார். ஆனா ஓரத்துல ஒரு நொண்டல் இருக்கு, அதுதான் அழகு” என்றார். மீண்டும் ஒருமுறை கேட்டுவிட்டு, “அந்தப் பெரியவருக்கு வருசத்துல எத்தனை கலியாணம் கிடைக்கும்?” என்று வினவினார்.

“நாலைந்து கிடைக்குமாம்.”

“பிள்ளைக வாசிக்குதா?”

“மகன் வெளிநாட்டில் இருக்கிறார். கிடார் வாசித்த பையன் பேரன்.”

“அப்ப சரி” என்று சொல்லி, முதலிலிருந்து போடச் சொன்னார்.