மூணு ஷிஃப்ட் பார்த்த தங்க மீன்

ஓசூர்க்காரனிடம் மீன் என்று சொல்லிப் பாருங்கள். அவனுக்கு ஞாபகம் வருவது கிருஷ்ணகிரி அணைதான். ஞாயிற்றுக்கிழமை ஐம்பது கிலோமீட்டர் பைக்கை விரட்டிப் போய், கே.ஆர்.பி. டேம் பக்கத்தில் பொரித்த மீனைச் சுடச்சுடத் தின்றுவிட்டு வருவான். மீனைக் கண்ணாடித் தொட்டியில் விட்டு வேடிக்கை பார்க்கிறவனைக் கொஞ்சம் மேலும் கீழுமாகத்தான் பார்ப்பான்.

அப்படிப் பார்க்கப்படுகிறவன் நான்.

பாகலூர் ரோடு பக்கம் தரைத்தள வாடகை வீடு. இரண்டடித் தொட்டி, இரண்டு தங்க மீன். ஜன்னலோரம் வைத்தேன். அங்கேதான் தப்பு! ஓசூர் சாதாரண ஊரா? 1980-ல் டி.வி.எஸ். 50 ஓட ஆரம்பித்த ஊர். லேலண்ட், டைட்டன், அவற்றைச் சுற்றிச் சின்னச் சின்னப் பட்டறைகள். விடிகாலை ஐந்தரைக்கு ஒரு கம்பெனி பஸ், ராத்திரி ஒன்பதரைக்கு ஒன்று, பத்தரைக்கு இன்னொன்று. ஹெட்லைட் வெளிச்சம் தொட்டியின் முதுகு வழியாகச் சுளீரென்று பாயும். மீன்கள் மூலைக்கு ஓடி முட்டிக்கொள்ளும். சம்பளம் இல்லாமல் மூன்று ஷிஃப்ட்!

இரண்டு மாதத்தில் சிவப்பு வெளுத்து, ஊறவைத்த பப்பாளித் துண்டு மாதிரி ஆகிவிட்டன. கடையில் ஒரு பவளப்பாறைப் படம் கொடுத்தார்கள். பின்னால் ஒட்டினேன். இடுக்கில் தண்ணீர் இறங்கி, பவளப்பாறைக்குப் பூசணம் பிடித்தது.

"படத்தைக் கிழிங்க சார். பின்பக்கம் கறுப்பு அடிச்சிடலாம்" என்றார் எதிர்வீட்டு அண்ணன்.

வீட்டில் தெலுங்கு, பட்டறையில் தமிழ், லாரிக்காரர்களிடம் கன்னடம் என்று அளந்து பேசுகிற ஓசூர்வாசி. பதினாறு வருஷம் ஸ்ப்ரே பெயிண்டர். அவருடைய பட்டறைக்குப் பவுடர் கோட்டிங் மெஷின் வந்தது; ஸ்ப்ரே கன் பிடித்த நாலு பேர் வெளியே வந்தார்கள். நாலு மாதமாகக் காலையில் வாசல்படியில் உட்கார்ந்து, தான் ஏறாத கம்பெனி பஸ்ஸைப் பார்ப்பார். அவரிடம் என்ன பேசுவதென்று தெரியாமல் நான் மீனைப் பற்றிப் பேசுவேன்.

மீன்கள் பக்கெட்டுக்குப் போயின. காலித் தொட்டியை இருவரும் தூக்கிக்கொண்டு முனையிலிருந்த பஞ்சர் கடைக்குப் போனோம். கம்ப்ரெஸர் அங்கேதானே இருக்கிறது! கர்நாடகா லாரி டிரைவர் ஒருவர் "ஏனு இது?" என்று இறங்கியே வந்துவிட்டார்.

அண்ணன் முதலில் கம்ப்ரெஸரில் தேங்கிய தண்ணீரைத் திறந்துவிட்டார். "காத்துல ஈரம் இருந்தா கண்ணாடியில அம்மை போட்ட மாதிரி ஆயிடும்." பிறகு தின்னரால் துடைத்தார். ஒரு கைரேகை இருந்தாலும் அந்த இடத்தில் பெயிண்ட் உரிந்துவிடுமாம். வாய்க்கும் மற்றப் பக்கங்களுக்கும் செய்தித்தாள், மாஸ்கிங் டேப். வெளிப்பக்கம் மட்டும்தான் அடிக்க வேண்டும். உள்ளே அடித்தால் மீன் காலி.

முதல் கோட் கரிப்புகை படிந்தது போல இருந்தது. "இவ்வளவுதானா?" என்றேன். பதிலே இல்லை. இருபது நிமிஷம் விட்டு இன்னொன்று, அப்புறம் இன்னொன்று. கடைசியில் தொட்டிக்குள் டார்ச் அடித்து, வெளிச்சம் கசிகிற ஊசித் துளைகளைத் தேடினார். நாலு மாதத்தில் அந்த முகத்தில் அப்படி ஒரு கண்டிப்பை நான் பார்த்ததில்லை.

வாடை போக மூன்று நாள் காயவைத்து மீனை விட்டோம். அன்று ராத்திரி ஒன்பதரை பஸ் போயிற்று. மீன்கள் கண்டுகொள்ளவே இல்லை. சில நாளில் சிவப்பும் திரும்பியது. மீன் தோலில் நிறச் செல்கள் உண்டு. பின்னணி வெளிறியிருந்தால் அவற்றுக்குள் நிறத்துகள்கள் சுருங்கும், இருட்டாக இருந்தால் விரியும். மந்திரம் ஒன்றுமில்லை.

பணம் நீட்டினேன். வாங்க மறுத்துவிட்டார். ஆனால் மறுவாரம் பக்கத்துத் தெருவில் இரண்டு தொட்டிக்காரர்கள் கேட்டபோது என்னிடம்தான் வந்தார். "நீங்க பி.காம். படிச்சவரு. எவ்வளவு கேக்கலாம்னு எழுதிக் குடுங்க சார்."

பெயிண்ட், தின்னர், டேப், உப்புத்தாள், பஞ்சர் கடைக்கு டீ... எல்லாம் கூட்டி 280 ரூபாய் என்று எழதிக் கம்பீரமாக நீட்டினேன்.

ரொம்ப நேரம் பார்த்தார். "கூலி சார்?"

சீட்டை வாங்கிக் கிழித்துப் போட்டுவிட்டு, வேறு எழுதினேன்.