பிந்தி வரும் பதில்

காலையில் வகுப்பில் இடாப்புக் கூப்பிடுகிறோமே, அதற்குக் கணினிக்காரர் வைத்திருக்கும் பெயர் 'போலிங்'. நிரல் ஒன்று தூரத்துக் கருவியிடம் இத்தனை நேரத்துக்கு ஒருமுறை "என்ன நிலை?" என்று கேட்கும். குறித்த நேரத்துள் பதில் வராவிட்டால் கைவிட்டுவிடும். அந்தக் கெடுவுக்கு 'டைம்அவுட்' என்று பெயர். கேட்பது எளிது. எவ்வளவு நேரம் காத்திருப்பது, பதில் வராவிட்டால் என்ன எழுதுவது என்பதில்தான் வழுக்கள் குடியிருக்கின்றன.

என்னிடம் படித்த பையன் ஒருவன், தனது கற்கைநெறியின் செயற்றிட்டத்துக்காக வாவியோரம் நீர்மட்டமானி ஒன்றை நட்டான். கைத்தொலைபேசி வலையமைப்பினூடாக நிமிடத்துக்கு ஒருமுறை அதனை விசாரிக்கும் நிரலையும் எழுதினான். கோடையில் ஒழுங்காக ஓடியது. மாரி பிறந்து நீர் ஏறிய இரவுகளில் வரைபுக் கோடு அடிக்கடி தரைக்கு விழுந்தது. "சேர், கருவி பழுதாப் போச்சு போல" என்று வந்தான். கருவியில் பழுதில்லை. மழையில் பதில் ஏழெட்டுச் செக்கன் பிந்தி வந்தது. நிரலோ ஐந்து செக்கனோடு கைவிட்டு, நீர்மட்டம் 0 என்று எழுதிவைத்தது.

எங்கள் பக்கத்தில் இது சில்லறைப் பிழையல்ல. மாரியில் வாவி நிரம்பினால் வயற்காரர் முகத்துவாரத்தை வெட்டச் சொல்வார்கள். நேரத்துக்கு முந்தி வெட்டினால் றாலும் மீனும் கடலோடு போய்விடும் என்பது மீனவர் கவலை. நீர் எவ்வளவு ஏறியிருக்கிறது என்பதில்தான் அந்த வழக்குத் தீரும். 2011 ஜனவரி வெள்ளத்தைக் கண்டவர்களுக்கு, தெரியாததைப் பூச்சியம் என்று எழுதுவதன் விலையைச் சொல்லத் தேவையில்லை.

"பரீட்சைக்கு வராத பிள்ளைக்கு நாம் பூச்சியம் போடுவதில்லையே, 'வரவில்லை' என்றுதானே எழுதுகிறோம்" என்றேன். அதுவே முதல் திருத்தமாயிற்று. பிந்தி வந்த பதிலை நிரல் அடுத்த கேள்விக்குரியதாக எடுத்துக்கொண்டிருந்தது. ஒரு பிள்ளையின் "பிரசன்ட் சேர்" அடுத்த பிள்ளையின் பெயருக்கு நேரே விழுவது போல. ஒவ்வொரு கேள்விக்கும் இலக்கமிட்டு, பதிலும் அதே இலக்கத்தோடு வரச்செய்தோம்.

காத்திருப்பைச் சுவர்க்கடிகாரத்தால் அளப்பதும் ஆபத்து. நம் நாட்டு நேரம் 1996 மே மாதம் ஒரு மணித்தியாலம் முன்னே போய், ஒக்டோபரில் அரை மணி பின்னே வந்து, 2006 ஏப்ரலில் இன்னும் அரை மணி பின்வாங்கியது. காத்திருக்கும் வேளையில் முள் அப்படித் திரும்பினால் ஐந்து செக்கன் அரை மணிக்கு மேல் நீண்டுவிடும். ஆகவே முன்னோக்கி மட்டுமே ஓடும் உட்கடிகாரத்துக்கு மாற்றினான்.

கெடு எவ்வளவு? ஐந்தை முப்பதாக்குவது மருந்தல்ல. கருவி உண்மையிலேயே செத்தாலும் வீணாகக் காத்திருக்க நேரும். 1986 ஒக்டோபரில் அமெரிக்காவின் லோரன்ஸ் பேர்க்லி ஆய்வுகூடத்துக்கும் பேர்க்லி பல்கலைக்கழகத்துக்கும் இடையே, 400 யார் தூரத்தில், செக்கனுக்கு 32,000 பிட் ஓடிய இணைப்பு 40 பிட்டாகச் சுருங்கியது. நெரிசலில் பதில்கள் பிந்த, கணினிகள் பொறுமையிழந்து அனுப்பியதையே மீண்டும் அனுப்ப, பாதை மேலும் அடைபட்டது. வான் ஜேக்கப்சன் 1988இல் வெளியிட்ட தீர்வின் ஒரு பகுதி இது: முன்னைய பதில்கள் எடுத்த சராசரி நேரத்தோடு, அது எவ்வளவு ஏறி இறங்கியது என்பதையும் சேர்த்துக் கெடுவைக் கணக்கிட வேண்டும். பதில் வராவிட்டால் அடுத்த முறை கூடுதலாகப் பொறுக்க வேண்டும். பையனின் நிரலிலும் அதையே செய்தோம். மழை இரவுகளில் கெடு தானாக நீண்டது. பதிலே வராத இடங்களில் கோடு விழாமல் வெறும் இடைவெளி தெரிந்தது.

ஆசிரியத் தொழிலுக்கும் இந்தக் கணக்கு புதிதல்ல. மேரி பட் றோ என்ற அமெரிக்கக் கல்வியியலாளர் வகுப்பறை ஒலிப்பதிவுகளை ஆராய்ந்து 1970களில் எழுதினார். கேள்வி கேட்ட ஆசிரியர்கள் சராசரியாக ஒரு செக்கன் அளவே காத்திருந்தார்கள். அதை மூன்று செக்கனுக்கு மேலாக்கியபோது பதில்கள் நீண்டன. பதிலே வராத கேள்விகள் குறைந்தன.

வீட்டில் பேசும் தமிழைப் புத்தகத் தமிழாக மாற்றிக்கொண்டே பதில் தேடும் பிள்ளைகள் எங்கள் பின்வாங்குகளில் இருக்கிறார்கள். "தெரியாதா? சரி, அடுத்தவர்" என்று தாண்டிப் போகுமுன், அந்தப் பிள்ளைக்கு வழமையாக எத்தனை செக்கன் வேண்டும் என்பது நமக்குத் தெரிந்திருக்க வேண்டும்.