இணுவிலில் ஒரு பெரிய அறை

தைப்பொங்கலை முன்னிட்டு வீடு துப்புரவாக்க, இணுவிலிலுள்ள எமது பிறந்த வீட்டிற்குச் சென்றிருந்தோம். காற்றுக்காகவே எதிரெதிரே யன்னல்கள் வைத்துக் கட்டப்பட்ட பெரிய அறையிலே காற்று நுழைய வழியில்லை. ஒரு யன்னலை அலுமாரி மறைத்திருந்தது. கட்டிலின் கீழே டிறங்குப் பெட்டிகள். கதவருகே கட்டிவைத்த மூன்று பைகள்.

1995 ஒக்டோபர் 30ஆந் திகதி வலிகாமத்து மக்கள் தென்மராட்சிக்கு இடம்பெயர்ந்தபோது, எமது அன்னையார் வெறுங்கையுடன் சென்றவர். மறு ஆண்டு மீண்ட நாள் முதலாக அப்பைகள் கதவருகே இருந்தன. அவரது உறக்கமும் அரைகுறையாயிற்று.

யாவற்றையும் முற்றத்து வெயிலில் பரப்பி, வேண்டியன, கொடுக்கத்தக்கன, கழிக்கத்தக்கன என மூன்றாகப் பகுத்தோம். அலுமாரியை வெறுஞ்சுவரோரம் நகர்த்தினோம். கட்டிலின் கீழே ஒன்றும் வைத்திலோம். இரு பைகளை அன்னையாரே அவிழ்த்தார்.

"காணி உறுதிப் பை மட்டும் தலைமாட்டிலே கிடக்கட்டும், பிள்ளை" என்றார். நாம் மறுக்கவில்லை.

அன்றிரவு இரு யன்னல்களும் திறந்திருந்தன. கோயில் மணி ஒலித்த பின்னரே அன்னையார் கண்விழித்தார்.

அறையை ஒழுங்குசெய்வோர் பொருள்களை மாத்திரம் நோக்கினாற் போதாது. அவற்றைக் கட்டிவைத்த அச்சத்தையும் நோக்குதல் வேண்டும்.