ஸ்ரீமுஷ்ணத்தில் ரசம் கேட்டோம்!

விருத்தாசலத்தில் ரயிலை விட்டு இறங்கி, பீங்கான் பொம்மைகளை விலை விசாரித்துவிட்டு, ஸ்ரீமுஷ்ணம் பஸ்ஸில் ஏறுங்கள். சுமார் 20 கிலோமீட்டர்தான். பூவராக சுவாமி மேற்குப் பார்த்து நிற்கிறார். திருமுகம் மட்டும் தெற்கே திரும்பியிருக்கிறது. மாசி மகத்துக்கு அவர் கிள்ளைக்கு எழுந்தருளும்போது அங்குள்ள முஸ்லிம் அன்பர்கள் வரவேற்று மரியாதை செய்கிறார்கள். முன் மண்டபத்தில் குதிரை வீரர் தூண்கள்! அவற்றுக்காகவே ஒரு நடை வரலாம்.

நாங்கள் போனபோது சந்நிதி சாத்தியிருந்தது. வழியெல்லாம் கைபேசி வரைபடத்தை விரலால் இழுத்துப் பார்த்தபடி வந்த அத்தை, சென்னை திரும்ப பஸ் டிக்கெட் எடுக்கச் சொன்னார். தேதியைத் தொட்டேன், பக்கம் வெள்ளையாகி மறுபடி வந்தது. ஊரைத் தொட்டேன், மறுபடி வெள்ளை.

"மேப் வழவழவென்று நகர்ந்ததே, இதற்கு என்ன கேடு?" என்றார் அத்தை.

"மத்தியானம் ஓட்டலில் ரசம் கேட்டீர்களே, அத்தை. இலையையே எடுத்துவிட்டு, புது இலை போட்டு, உப்பிலிருந்து மறுபடி பரிமாறினால் எப்படி இருக்கும்? பழைய பக்கங்கள் அப்படித்தான்."

இலையை எடுக்காமல் ரசம் மட்டும் ஊற்றும் உபாயத்தை மைக்ரோசாப்ட் தன் தபால் பக்கத்துக்காகச் செய்து, 1999-லேயே இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரில் சேர்த்துவிட்டது. அதிகம் பேர் கவனிக்கவில்லை. 2004-இல் கூகிள் ஜிமெயிலும், 2005 பிப்ரவரியில் அதன் வரைபடமும் வந்த பிறகுதான் உலகம் விழித்துக்கொண்டது. அதே மாதம் ஜெஸ்ஸி ஜேம்ஸ் காரெட் என்பவர் 'அஜாக்ஸ்' என்று பெயரும் வைத்தார். (அமெரிக்காவில் பாத்திரம் தேய்க்கும் பொடிக்கும் இதே பெயர்!) நம் சென்னையும் பின்தங்கவில்லை. இங்கே பொறியாளர்களை வைத்திருந்த அட்வென்ட்நெட், அதாவது இன்றைய ஜோஹோ, 2005-லேயே 'ரைட்டர்' என்ற எழுதும் பக்கத்தை வெளியிட்டது. பேஸ்புக் தன் 'ரியாக்ட்' சாதனத்தை 2013-இல் எல்லோருக்கும் இலவசமாகவே கொடுத்தது.

அத்தை லேசில் விடுகிறவரா? "அப்படியானால் எல்லோரும் அதையே செய்ய வேண்டியதுதானே?"

அங்கேதான் சங்கடம். ரசம் மட்டும் ஊற்ற, பரிமாறுகிறவர் அண்டா குண்டாவோடு முதலில் நம் கைபேசிக்குள் வந்து சேர வேண்டும். நகரத்து வேகத்தில் அது நொடி நேரம். சிக்னல் ஒரு கோட்டில் நிற்கும் இடத்திலோ, இலை முன்னால் உட்கார்ந்து காத்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான். மெதுவான இணைப்புக்காரர்களுக்கென்று ஜிமெயில் வெகு காலம் ஓர் எளிய பக்கம் வைத்திருந்தது. 2024-இல் அதை நிறுத்திவிட்டார்கள். எனக்கென்னவோ இது நியாயமாகப் படவில்லை. பெரிய கம்பெனிக்கு அது ஒரு பழைய பக்கம். கிராமத்தில் பிள்ளையின் கடிதத்துக்குக் காத்திருக்கும் தாயாருக்கு?

எங்கள் டிக்கெட் பக்கம் ஐந்து முறை வெளுத்தது. ஆறாவது முறை டிக்கெட் வந்துவிட்டது! சிக்னல் அப்போதும் ஒரு கோடுதான்.

"புது இலையானாலும் சாப்பாடு வந்ததே" என்று எழுந்தார் அத்தை. சந்நிதி திறக்கும் மணி கேட்டது. நீங்கள் போனால் கோரைக்கிழங்குப் பிரசாதத்தைக் கேட்டு வாங்கிக்கொள்ள மறக்காதீர்கள்.