சோதனைக்கு வராத கேள்வி

ஒரு கேள்விக்குப் பதினொரு வருடம் பிந்திப் பதில் எழுதுகிறேன். கேட்டவரும் இந்தப் பதிவை வாசிப்பார். பெயர் போடவில்லை, அவருக்கு விளங்கும்.

போன கிழமை தரம் ஒன்றுக்குப் பிள்ளை சேர்க்கும் விஷயமாக ஒரு தாய் பாடசாலைக்கு வந்திருந்தார். என்னைக் கண்டதும் சிரித்தார். "சேர், என்னை நினைவிருக்கா? கலப்பிரிவு படிப்பிக்கக்குள்ள கேள்வி கேட்டு ஏச்சு வாங்கினனே."

நினைவிருந்தது. உயர்தர வகுப்பு. இழையுருப்பிரிவின் அவத்தைகளைப் பலகையில் வரைந்து, தாய்க்கலம் பிரிந்தால் ஒத்த இரண்டு மகட்கலங்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். பின்வாங்கிலிருந்து இவர் எழும்பி, "சேர், எப்பவும் ரெண்டும் ஒரே மாதிரி என்டா, ஒன்டு கண்ணாகவும் ஒன்டு தோலாகவும் எப்பிடி மாறும்?" என்றார். எனக்குப் பதில் தெரியாது. தெரியாது என்று சொல்லவும் வாய் வரவில்லை. "இது சோதனைக்கு வராது, இரிங்க. உங்கட ராத்தா ஒருநாளும் இப்பிடி வகுப்பைக் குழப்பினதில்ல" என்றேன். ராத்தா மூன்று ஏ எடுத்தவர். தங்கச்சியைப் பற்றி ஆசிரியர் அறையில் எந்தப் பேச்சு வந்தாலும் ராத்தாவில்தான் தொடங்கும். அதற்குப் பிறகு இவர் என் பாடத்தில் கேள்வி கேட்கவில்லை.

போன கிழமை அவர் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. அன்று இஷாவுக்குப் பிறகு தேடத் தொடங்கி, நாலைந்து இரவு வாசித்தேன்.

பதில் நம்மட குசினியிலேயே பறக்கிறது. பழுத்த வாழைப்பழத்தைச் சுற்றும் சின்ன ஈ, ட்ரொசோபிலா வகை. அதன் முதுகில் நிற்கும் முடிகள் வெறும் முடி அல்ல, ஒவ்வொன்றும் தொடுகையை உணரும் ஓர் அங்கம். அதில் நான்கு கலங்கள். ஒன்று முடியை ஆக்கும். ஒன்று முடியின் அடியில் குழியாக நின்று பிடிக்கும். ஒன்று செய்தி அனுப்பும் நரம்புக்கலம். இன்னொன்று அந்த நரம்புக்கலத்தைப் போர்த்தி நிற்கும். நான்கும் ஒரே ஒரு முன்னோடிக் கலத்திலிருந்து வந்தவை.

பாடப்புத்தகம் பிழை சொல்லவில்லை. முன்னோடிக் கலம் பிரியும்போது நிறமூர்த்தங்கள் சமமாகவே போகின்றன. சமமில்லாமல் போவது வேறொன்று. பிரியும் நேரத்தில் 'நம்' என்ற புரதம் கலத்தின் ஒரு பக்க ஓரமாகக் குவிகிறது. நுணுக்குக்காட்டியில் பிறை போலத் தெரியும், ஆய்வாளர்களும் அதைப் பிறை என்றுதான் எழுதுகிறார்கள். கலம் இரண்டாகும்போது அந்தப் பிறை ஒரு மகளுக்குப் போய்விடும்.

பிரிந்த சகோதரிகள் ஒட்டியபடியே இருந்து பேசிக்கொள்கிறார்கள். ஒருத்தியின் மேற்பரப்பிலுள்ள 'டெல்டா' மற்றவளிடமுள்ள 'நொட்ச்' என்ற வாங்கியைத் தொடும். அந்தச் செய்தியைக் கேட்பவள் முடியும் குழியும் பிறக்கும் வழியில் போவாள். 'நம்' கிடைத்தவளிடம் அந்தச் செய்தி அடைபட்டுவிடும், நரம்புக்கலம் பிறப்பது அவள் வழியில். அடுத்த சுற்றுப் பிரிவிலும் இதே கதைதான்.

'நம்' என்றால் நம்மட 'நம்' அல்ல. ஆங்கிலத்தில் விறைத்தது, உணர்வற்றது என்று பொருள். 1989இல் சான் பிரான்சிஸ்கோவிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் லிலி ஜான், யுஹ் நுங் ஜான் என்ற கணவன் மனைவியின் ஆய்வுகூடம், இந்தப் பரம்பரையலகு பழுதான ஈ முளையங்களைப் பற்றி எழுதியது. நரம்புக்கலம் ஆகவேண்டியவை வெளிக்கலங்களாக மாறியிருந்தன. சகோதரிகள் இருவரும் ஒரே வழியில் போயிருந்தார்கள். முடிக்கலமும் குழிக்கலமும் மேலதிகமாக இருந்தன, உணர்வதற்குத்தான் ஆளில்லை. புரதம் ஒரு மகளுக்கு மட்டும் போவதை 1994இல் காட்டியதும் அதே ஆய்வுகூடம். (இருவரும் பௌதிகவியல் படிக்க அமெரிக்கா போய் உயிரியலுக்கு மாறியவர்கள். பிள்ளை பாடம் மாறக் கேட்டால் சண்டை பிடிக்கும் பெற்றோர் கவனிக்கவும்.)

நொட்சை நிறுத்தினால் இதற்கு நேர்மாறு. நரம்புக்கலங்கள் கூடும், வெளியே முடி இராது. மூன்று ஏ எடுத்த கலம் எது என்று கேட்க இதில் இடமே இல்லை. ஆனாலும் ஈயை வைத்து மனிசருக்குப் பாடம் எடுக்கப் போவதில்லை, ஈ ஈதான்.

ஈயின் மூளையிலும் இப்படி நடக்கிறது. மூலக்கலம் பிரிந்தால் பெரிய மகள் தாயைப் போலத் தொடர்ந்து பிரிவாள். சிறியவள் 'ப்ரொஸ்பெரோ', 'பிராட்' முதலியவற்றை வாங்கிக்கொண்டு, பெரும்பாலும் இன்னொரு தரம் மட்டும் பிரிந்து முடிப்பாள். பிராட் பழுதானால் சில மூலக்கலங்களின் சிறிய மகளும் நிற்கமாட்டாள், குடம்பியின் மூளை வீங்கும். பிராட் என்ற பெயரே மூளைக்கட்டி என்பதன் ஆங்கிலச் சுருக்கம். பிரிவு இப்படிக் குழம்பிய மூளைத் துண்டுகளை வேறு ஈக்களின் வயிற்றில் வைத்துப் பார்த்தார்கள், அங்கும் கட்டியாக வளர்ந்தன. அந்த ஆய்வு வந்தது 2005இல். புற்றுநோய் ஆராய்பவர்கள் ஈயை விடாமல் பார்ப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

தங்கச்சி, இது உங்கள் கேள்வியின் ஒரு மூலைக்குத்தான் பதில். கண்ணா தோலா என்பதில் கலம் எங்கே நிற்கிறது, அயலிலிருந்து என்ன செய்தி வருகிறது என்பதற்கே பெரிய பங்கு. அது இன்னொரு நீண்ட கதை. அன்றைக்கு நான் சொன்னதில் 'சோதனைக்கு வராது' என்பது மட்டும் உண்மை. ராத்தாவை இழுத்தது என் பிழை. மன்னிக்கணும்.

ஆய்வுகூடத்தில் ஜாம் போத்தலுக்குள் பழத்தோல் போட்டு வாயில் துணி கட்டி வைத்திருக்கிறேன். இன்று பார்க்கும்போது ஏழு ஈ இருந்தது. ஐஸில் கொஞ்சநேரம் வைத்தால் அசையாது, முதுகு முடியைத் தெளிவாகப் பார்க்கலாம். சனிக்கிழமை பத்து மணிக்கு மகனையும் கூட்டிக்கொண்டு வாங்க. நுணுக்குக்காட்டி ஒன்றுதான் வேலை செய்கிறது, அதனால் வேறு யாரும் வருவதென்றால் கொமன்டில் சொல்லிவிட்டு வாருங்கள்.