ரேடியோ நெல்

நெல்லுக்குப் பெயர் சூட்டுவதில் நம் தஞ்சைச் சீமை என்றும் கஞ்சத்தனம் காட்டியதில்லை. நிறத்தாலும் மணத்தாலும் பருவத்தாலும் பெயர் பெற்ற நெல் வகைகள் பல. ஒரே ஒரு நெல் மட்டும், தன்னைப் பற்றிய சேதியைக் கொண்டுவந்த கருவியின் பெயரால் அழைக்கப்பட்டது. ஆடுதுறை ஆராய்ச்சி நிலையம் 1960களின் நடுவில் வெளியிட்ட ஆடுதுறை 27 என்னும் குறுகிய கால நெல்லைத்தான் நம் மக்கள் ‘ரேடியோ நெல்’ என்றார்கள்.

1939 மே 16இல் தொடங்கிய திருச்சி வானொலி, 1966இல் பண்ணை ஒலிபரப்புக்கெனத் தனிப் பிரிவைப் பெற்றது. ஜப்பானிய நெல்லும் நம் நெல்லும் கலந்து பிறந்த அந்தக் குறுவைப் பயிரின் நாற்று, உரம், அறுவடை எல்லாம் காற்றில் வந்தன. அதிகாரி ஒருவர் படித்த அறிக்கையாக மட்டும் வந்திருந்தால் அந்தப் பெயர் நிலைத்திருக்குமா என்பது ஐயமே. நட்டுப் பார்த்த உழவரை ஒலிவாங்கியின் முன் அமர்த்தி, அவர் பேச்சிலேயே பேசவிடுவது பண்ணை ஒலிபரப்பின் வழக்கம். பக்கத்து ஊர்க் குரலை நம்பும் அளவுக்கு நாம் வேறெதையும் நம்புவதில்லை.

ஆயினும் விளைச்சலைப் பேசுவது எளிது, பங்கைப் பேசுவது கடினம். மிகுந்த விளைச்சலில் தமக்கும் உரிய கூலி வேண்டுமென்று கீழத்தஞ்சையில் உழைத்தவர்கள் கேட்ட காலமும் அதுவே. 1968 டிசம்பர் 25இல் கீழ்வெண்மணியில் 44 பேர் எரிக்கப்பட்டனர். புதிய நெல்லின் கதையை அந்தக் குடிசையை விலக்கிவிட்டுச் சொல்வது நமக்கு முறையாகத் தோன்றவில்லை.

அலைவரிசை பொதுச்சொத்து என்று 1995இல் உச்ச நீதிமன்றம் கூறியது. 2006இல் தொண்டு அமைப்புகளும் சமூக வானொலி நடத்தலாம் என்று அரசு வழிவிட்டது. நாகை மாவட்டத்து விழுந்தமாவடியில்கூட அத்தகைய நிலையம் ஒன்று எழுந்தது. ஆனால் சமூக வானொலியோ தனியார் பண்பலையோ தானாகச் செய்தி தயாரிக்கக் கூடாது. அகில இந்திய வானொலியின் செய்தியை வாங்கி அப்படியே ஒலிபரப்பலாம், அவ்வளவே. மழை, போக்குவரத்து, திருவிழா, உள்ளூர் விளையாட்டு ஆகியவை செய்தியில் சேரா என்பதால் அவற்றுக்குத் தடையில்லை.

இந்தக் கோடு நம் வயலில் எங்கே விழுகிறது என்று பாருங்கள். மேட்டூர் அணை வழக்கமாகத் திறக்கப்பட வேண்டிய நாள் ஜூன் 12. 2012 முதல் 2019 வரை எட்டு ஆண்டுகள் அந்நாளில் அது திறக்கப்படவில்லை. தண்ணீரில்லாத ஆண்டில் எந்த மாற்றுப் பயிர் இடலாம் என்று உள்ளூர் நிலையம் உழவரைக் கேட்கலாம். தண்ணீர் ஏன் வரவில்லை, யார் பொறுப்பு என்று கேட்டால் அது அரசியல், அதாவது செய்தி. கடைமடைக்காரருக்கு வாழ்வாக இருப்பது விதிக்கு விலக்கப்பட்ட பொருளாகிவிடுகிறது.

இதே கேள்விகளை நாளிதழ் அச்சிடலாம், தொலைக்காட்சி இரவெல்லாம் விவாதிக்கலாம். வரப்பில் நிற்பவரின் காதுக்கு எட்டும் மலிவான கருவிக்கு மட்டும் ஏன் இந்த வாய்ப்பூட்டு? நம் ஊர்க் குரலை நம்பித்தான் அன்று புதுநெல்லை நட்டோம். நடவுக்கு நம்பத்தக்கதாயிருந்த அந்தக் குரல், நடவுக்கு வேண்டிய நீரைப் பற்றிப் பேசவும் தகுதியுடையதே என்பது நம் எண்ணம்.