உறைந்த எண்ணெய் கெட்ட எண்ணெயா?

தாய்மார்களே, ஐஸ்பெட்டியில் வைத்த சமையல் எண்ணெய் வெள்ளையாகக் கட்டிப்போனால் அதைக் கொட்டிவிடாதீர்கள். எங்கள் தோட்டத்தில் அப்படிக் கொட்டிய வீடுகள் இரண்டு மூன்றை நான் அறிவேன். கணக்குப் பார்த்துச் செலவு செய்யும் குடும்பத்தில் ஒரு போத்தல் எண்ணெய் என்ன சிறிய காரியமா?

என் மாணவன் ஒருவனின் தாயார் போத்தலைத் துணியில் சுற்றிக்கொண்டு பள்ளிக்கே வந்துவிட்டார். "ஐயா, கடைக்காரன் மெழுகைக் கலந்து கொடுத்திட்டான், நீங்களே பாருங்க" என்றார். (கடைக்காரர் மேல் அவருக்குப் பாக்கி விஷயத்தில் ஏற்கெனவே கோபம். அது வேறு கதை.) போத்தலை வெயில் விழும் சன்னலோரம் வைக்கச் சொன்னேன். இரண்டு பாட வேளைக்குள் எண்ணெய் தெளிந்துவிட்டது. அந்த அம்மாள் போத்தலையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

இதில் மந்திரம் ஒன்றுமில்லை. எந்தப் பொருளும் கண்ணுக்குத் தெரியாத நுண்துகள்களால் ஆனது. அவை சும்மா இருப்பதே இல்லை. காலைப் பெரட்டில் வரிசையாக நிற்பவர்கள் நின்ற இடத்திலேயே கால் மாற்றிக்கொள்வார்கள் அல்லவா? திடப்பொருளின் துகள்கள் அப்படி. திருவிழாக் கூட்டத்தில் ஒருவரை ஒருவர் உரசிக்கொண்டே நகர்கிறோமே, அது திரவம். மணி அடித்ததும் பிள்ளைகள் திடல் முழுக்கச் சிதறி ஓடுவது வாயு. சூடு ஏறினால் துகள்களின் வேகம் கூடும். குளிர்ந்தால் வேகம் அடங்கி ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். துகள் மாறுவதில்லை, அதன் ஓட்டந்தான் மாறுகிறது.

செம்பனை எண்ணெய் பலவகைக் கொழுப்புகளின் கலவை. ஆலையில் அதைக் குளிரவைத்து, முதலில் கட்டியாகும் பகுதியைப் பிரித்துச் சவர்க்காரத்துக்கும் மார்ஜரினுக்கும் அனுப்புவார்கள். தெளிந்த பகுதி நம் போத்தலுக்கு வருகிறது. ஐஸ்பெட்டியின் 4 பாகைக் குளிரில் அதிலும் ஒரு பங்கு கட்டியாகிவிடும். தேங்காயெண்ணெய் இன்னும் பொல்லாதது, 24 பாகைக்குக் கீழேயே உறையும். கேமரன் மலைத் தேயிலைத் தோட்டத்தாருக்கு இதை நான் சொல்லத் தேவையில்லை. அந்தத் தாயாரின் கணவர் குலை வெட்டுபவர். அவர் வெட்டிய குலையின் எண்ணெயாகக்கூட அது இருக்கலாம்!

உறைந்த எண்ணெயைக் கொட்டினால் போவது காசு. காய்ந்த எண்ணெயில் உயிரே போகும். அடுப்பில் மறந்துவிட்ட குவாலி தீப்பிடித்தால் கை தானாகத் தண்ணீரைத் தேடும். வேண்டவே வேண்டாம். தண்ணீர் 100 பாகையில் கொதித்து ஆவியாகும். எரியும் எண்ணெயோ 300 பாகைக்கும் மேல். எண்ணெயைவிடக் கனமான தண்ணீர் அடியில் இறங்கும். இறங்கிய கணமே ஆவியாகி ஏறத்தாழ 1,600 மடங்கு இடம் கேட்கும். எங்கே போகும்? மேலே எரிந்துகொண்டிருக்கும் எண்ணெயைக் கூரை வரை வீசியடித்துக்கொண்டு வெளியே வரும். பலகை வீட்டில் அதன் பிறகு என்ன மிஞ்சும்?

கை எட்டினால் அடுப்பை அணையுங்கள். குவாலியைத் தூக்கிக்கொண்டு ஓடாதீர்கள். பெரிய மூடியைப் பக்கவாட்டில் தள்ளி மூடுங்கள், காற்றில்லாமல் தீ அடங்கும். கைமீறிப் போனால் பிள்ளைகளோடு வெளியேறிவிடுங்கள். இதைப் பெரிய பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுங்கள். நீங்கள் வேலைக்குப் போனபின் அப்பளம் பொரிப்பவர்கள் அவர்கள்தாமே?

தீ அணைந்ததா என்று உடனே மூடியைத் திறந்து பார்க்காதீர்கள். எண்ணெயின் சூடு அப்படியேதான் இருக்கும், காற்றுப் பட்டதும் மறுபடி பற்றிக்கொள்ளும். குவாலி நன்றாக ஆறுவதற்கு அரை மணிக்கு மேலும் ஆகலாம்.